இருபத்திரண்டு ஃபோன்கள் பார்த்த சமையல்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் கார்டை நாலாக மடித்து, வியர்வையில் ஊறவைத்து, "தெளிவா எடுத்துக் குடும்மா" என்று நீட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "இப்பிடி கசக்கினு வந்தா மிஷின் இன்னா பண்ணும், இஸ்திரியா போடும்?" என்று கேட்டுவிடுவேன். வாங்கிக் கட்டிக்கொண்டு சிரித்தபடி போவார்கள். மறுபடியும் வருவார்கள். கோபக்காரி, ஆனால் ஏமாற்ற மாட்டாள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை யாராவது சொன்னால் இப்போதெல்லாம் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. பழைய பேப்பரும் தீர்ந்துபோன மை டப்பாக்களும் கிடந்த இடம். எல்லாரும் எல்லாவற்றையும் ஃபோனிலேயே முடித்துக்கொள்ள ஆரம்பித்து, ஜெராக்ஸுக்கு ஆள் கம்மியான சமயத்தில், மனை விற்கிற ஒருவர் வந்தார். அவருக்கு ஒரு வீடியோ சேனல் இருந்தது. திருக்கோவிலூர் ரோட்டில் காலி நிலத்தின் நடுவே நின்றுகொண்டு கையை ஆட்டி ஆட்டிப் பேசுவார். யாரும் பார்க்கவில்லை. சேனலுக்கு விளம்பரம் வரவேண்டுமென்றால் ஒரு வருஷத்துக்குள் நாலாயிரம் மணி நேரம் யாராவது அதைப் பார்த்திருக்கவேண்டும் என்பது கம்பெனிக்காரன் விதி. "மனுஷன் பாக்கலன்னா இன்னா, ஃபோன் பாத்தா போதும்" என்று வழியைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

அப்படித்தான் ஆரம்பித்தேன். கண்ணாடி விரிசல் விட்டது, கேமரா ஓடாதது என்று பழைய ஃபோன்கள் இருபத்திரண்டு சேர்ந்தன. செருப்பு ஸ்டாண்டு ஒன்று வாங்கி அதில் வரிசையாகச் சாய்த்து வைத்தேன். சூட்டில் பேட்டரி உப்பிக்கொள்ளும் என்பதால் எதிரே ஒரு டேபிள் ஃபேன். ஒரே ஆள் பார்க்கிற மாதிரி இருந்தால் கம்பெனிக்காரன் கண்டுபிடித்துவிடுவான். அதனால் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஒன்றில் வீடியோவைத் தள்ளிவிட வேண்டும், ஒன்றில் லைக் போட வேண்டும், ஒன்றைப் பாதியில் நிறுத்தி வேறெங்காவது போய்வர வைக்க வேண்டும். எதிர்வீட்டுக்காரியும் அவளுடைய கூட்டாளிகள் மூன்று பேரும் முறை வைத்துக்கொண்டு வந்து இதைச் செய்வார்கள். கீரை ஆய்ந்துகொண்டே, மாமியார் கதை பேசிக்கொண்டே. ஃபோன் மேய்க்கிறது என்று அதற்கு அவர்களே பெயர் வைத்தார்கள். சத்தத்தை மட்டும் சுத்தமாக அடைத்துவிடுவோம். இருபத்திரண்டு வாய் ஒரே நேரத்தில் பேசினால் யாருக்குத் தாங்கும்? இது போதாமல் எண்ணிக்கையை ஏற்ற ஒரு வெளியூர்க்காரனிடம் ஆயிரம் பார்வை, இரண்டாயிரம் பார்வை என்று மொத்தமாக வாங்கியும் போடுவேன்.

அப்போது எனக்கு வெட்கம் எதுவும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மனை விற்கிறவர் புளுகுகிறார், அவரைப் பார்த்து என்னிடம் வந்த ராசிபலன் சேனல்காரர் புளுகுகிறார், நடுவில் நானும் ஒரு புளுகை வைத்தால் யார் குடி முழுகிப்போகிறது? அப்படித்தான் நினைத்தேன்.

மலைக்கார அக்கா வந்தது அதற்குப் பிறகு. கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் இறங்கி இன்னும் நடக்க வேண்டிய ஒரு சின்ன ஊர். நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இல்லை. மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறாள். அவள் அனுப்பிய ஃபோனில் அக்கா தன் சமையலைப் படம் பிடிப்பார். ஊரில் சிக்னல் கிடையாது, பாறைமேல் ஏறி நின்றால் ஒரு கோடு காட்டுமாம். அதனால் வாரத்துக்கு ஒருநாள் பஸ் ஏறி, கச்சிராயபாளையம் வழியாக இறங்கி என் கடைக்கு வந்து, "இத ஏத்தி வுடு கண்ணு" என்பார். சாமைச்சோறு, கேழ்வரகுக் களி, மரவள்ளிக் கிழங்கு, மொச்சைக் குழம்பு. மகள்தான் சேனலைத் திறந்துகொடுத்திருந்தாள். அம்மா முகத்தைப் பார்க்கலாமே என்று.

மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, "எத்தினி பேரு பாத்துக்கிறாங்க?" என்று கேட்டார்.

"பதினொண்ணு" என்றேன். சொல்லும்போதே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"பதினோரு பேரா!" என்று வாயில் கைவைத்துக்கொண்டார். "யாரு பெத்த புள்ளைங்களோ, வேலையெல்லாம் வுட்டுட்டு ஒக்காந்து பாத்துக்கிறாங்க பாரேன்."

அவருக்குப் பதினொன்று போதுமாக இருந்தது. எனக்குத்தான் போதவில்லை. அவர் போனதும் அந்தக் களி கிண்டுகிற வீடியோவை மூன்று ஃபோனில் ஓடவிட்டேன். பாவம் பார்த்துச் செய்தேன் என்றே எனக்கு நானே ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பாவமாவது ஒன்றாவது. பதினோரு பேருக்குப் போய் இப்படிப் பூரித்துப்போகிறதே, உலகம் தெரியாத ஜென்மம் என்ற இளக்காரம்தான்.

அடுத்த வாரம் நூற்று நாற்பது என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை அடுப்புச் சாம்பலும் மஞ்சளுமாக மணத்தது. எனக்கு அது பிடித்துப்போய்விட்டது. ஒருத்தரை இவ்வளவு சுலபமாகச் சந்தோஷப்படுத்த முடியும் என்று தெரிந்தபின் யார் நிறுத்துவார்கள்? மூன்று ஃபோன் எட்டு ஆனது, எட்டு இருபத்திரண்டு ஆனது. மனைக்காரருக்கு ஏற்ற வாங்கியதில் மிச்சத்தை அக்கா பக்கம் தள்ளினேன். ஆயிரம் தாண்டியது. ஐயாயிரம் தாண்டியது. ஒவ்வொரு வாரமும் அவர் கொஞ்சம் நிமிர்ந்து நடந்து வந்த மாதிரி எனக்குத் தெரிந்தது.

ஆனால் ஐயாயிரம் என்று சொன்ன அன்று அவர் முகம் வாடிப்போனது.

"எங்க ஊர்ல ஒரு வழக்கம் கண்ணு" என்றார். "ஒல கொதிக்கசொல்ல வாசல்ல யாராவது வந்து நின்னு பாத்துட்டா, ஒரு வாயாவது குடுக்காம அனுப்ப மாட்டோம். வழில போறவனா இருந்தாலும் சரி, சண்டக்காரனா இருந்தாலும் சரி. பாத்துட்டு பசியோட போவக்கூடாது. இத்தினி பேரு என் அடுப்ப எட்டிப் பாத்துட்டு வெறும் வாயோட போறாங்களே. எனக்கு ராத்திரில சோறு எறங்க மாட்டேங்குது."

நான் சிரித்தேன். "ஃபோனுக்குள்ள எப்பிடிக்கா எல போடுவ?" என்று கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

இன்னொன்றும் கேட்டார். "இத்தினி பேரு பாக்கறாங்க, ஒருத்தரும் ஒரு வார்த்த பேச மாட்டேங்கறாங்களே?" நியாயமான கேள்வி. அதற்கும் நானே ஏற்பாடு செய்தேன். கமெண்ட் எழுத ஆரம்பித்தேன். அக்காவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், அதனால் எழுதினதை நானே அவருக்கு வாசித்தும் காட்டுவேன். கோயம்புத்தூரிலிருந்து ஒரு டீச்சர், சேலத்திலிருந்து ஒரு லாரிக்காரர், துபாயிலிருந்து வீட்டு ஞாபகத்தில் ஒருத்தர். எல்லாரும் நான்தான். ஒருமுறை ஒரே மாதிரி இருக்கிறதே என்று மாற்றி எழுதினேன்: "நாலு நாளா காய்ச்சல், சாப்பாடே புடிக்கல, உங்க கஞ்சியப் பாத்ததும் பசி வந்துச்சிம்மா."

மறுவாரம் அக்கா ஒரு துணி மூட்டையோடு வந்தார். புடைத்துச் சுத்தம் செய்த சாமை, கொஞ்சம் சுக்கு, ஒரு சின்ன பாட்டிலில் மலைத்தேன். "அந்த காய்ச்சக்காரப் பொண்ணுக்கு அனுப்பிடு. கொழைய வெச்சி சாப்புட சொல்லு. ஆத்தாகிட்ட வேண்டிக்கினு வந்திருக்கறேன்."

"சரிக்கா" என்று வாங்கி வைத்துக்கொண்டேன். ஒரு வாரம் மேஜைக்கு அடியில் கிடந்தது. பார்க்கும்போதெல்லாம் முள் மாதிரி இருந்ததால் வீட்டுக்கு எடுத்துப்போய் உப்புமா கிண்டினேன். வீட்டுக்காரர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தேனை நான்தான் தீர்த்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த எவ்வளவோ இடம் இருந்தது.

வைகாசியில் அவர்கள் ஊரில் மாரியம்மன் திருவிழா. வீட்டுக்கு ஒரு படி சாமை என்று கோவிலில் கொட்டிப் பொங்கி, ஊருக்கும் சுற்றுவட்டத்து ஊர்களுக்கும் சோறு போடுவார்கள். அதற்கு முன்னால் ஊர்க்கூட்டம் கூடும். கூட்டத்தில் பெண்கள் ஓரமாக நின்று கேட்பதோடு சரி, பேசுவதில்லை. அந்த வருஷம் இந்த அக்கா பேசினார். தன் சமையலைப் பன்னிரண்டாயிரம் பேர் பார்க்கிறார்கள், அத்தனை பேரும் பார்த்துவிட்டுப் பசியோடு போகிறார்கள், அவர்களைத் திருவிழாவுக்கு அழைத்துச் சோறு போட வேண்டும், இல்லாவிட்டால் ஊருக்கு ஆகாது என்று சொன்னாராம். எல்லாரும் வரமாட்டார்கள், எப்படியும் இருநூறு பேர் வருவார்கள், வீட்டுக்கு இன்னொரு படி சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்டாராம். பன்னிரண்டாயிரம் என்ற எண்ணுக்காகத்தான் அவரைப் பேச விட்டார்கள். அதை அவரே என்னிடம் பெருமையாகச் சொன்னார். "மொத மொத பொம்பள பேசனது நான்தான் கண்ணு. யாரும் குறுக்க பேசல."

"எதுக்குக்கா இதெல்லாம்? டவுன்காரங்க, எங்க மலையேறி வரப்போறாங்க?" என்றேன்.

"கூப்புட்டா வருவாங்க. பேசறதெல்லாம் எவ்ளோ பாசமா பேசறாங்க, நீதான படிச்சி சொன்ன?"

நான் யாரோ நீட்டிய ஆதார் கார்டை வாங்கி மிஷினில் வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அவர்கள் ஊர்ப் பெரியதனக்காரர் தாலுக்கா ஆபீஸுக்கு வந்தவர், அக்காவோடு என் கடைக்கு ஏறினார். ஊரில் எதையும் முடிவு செய்கிறவர் அவர்தான். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, நிதானமான ஆள். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"நான் படிக்காதவன்ம்மா" என்றார். "வூட்டுக்கு ஒரு படின்னா எங்களுக்கு சும்மா இல்ல. இந்த வருசம் மழையும் கம்மி. இது சொல்ற நம்பரு நெசந்தானா? நீ சொன்னா ஏத்துக்கறேன்."

அக்கா அவருக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். எனக்காக வெட்கப்பட்டுக்கொண்டு சிரிக்கிற மாதிரி, இப்படிச் சந்தேகப்பட்டுக் கேட்கிறாரே, நீ தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்கிற மாதிரி. பின்னறையின் மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் டேபிள் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. எதிர்வீட்டுக்காரி உள்ளே இருந்தாள்.

"நெசந்தாங்க" என்றேன். "கம்பெனிக்காரனே எண்ணிப் போடறது. நம்ம கையில ஒண்ணும் இல்லீங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டு, "அப்ப சரி" என்றார். அவ்வளவுதான். போகும்போது எனக்கும் அழைப்பு வைத்துவிட்டுப் போனார்.

அழைப்பு வீடியோவை நான்தான் ஏற்றினேன். ஊர் பேர், பஸ், தேதி எல்லாம் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். வழக்கம்போல இருபத்திரண்டு ஃபோனிலும் போட்டேன். நிறுத்தினால் எண்ணிக்கை குறைந்து அக்கா ஏன் என்று கேட்பாரே!

திருவிழாவுக்கு ஒரு வாரம் இருந்தபோது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவருக்கு ஃபோன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அப்பாடா என்று வைத்துவிட்டேன். மறுபடியும் போடவில்லை. பஸ் ஏறிப்போக எவ்வளவு நேரம் ஆகும்? போகவில்லை. அதற்குப் பதிலாக எனக்கு ஒரு புத்தி வந்தது. ஃபோனைப் பார்க்க வைத்த மாதிரி ஆட்களையும் கொண்டுபோய் வைத்தால் என்ன?

வேன் பிடித்தேன். எதிர்வீட்டுக்காரி, அவள் கூட்டாளிகள், அவர்களுடைய அக்கா தங்கச்சிகள், என் நாத்தனார் என்று பதினாலு பேர். மலையில் கறிச்சோறு, கோமுகி அணையும் பார்த்துவிட்டு வரலாம் என்றேன். வீட்டுக்காரர் மட்டும், "ஒனக்கு இன்னா கிறுக்கு புடிச்சிருக்குதா? நேரா போய் மன்னிப்பு கேட்டுட்டு வா" என்றார். "உங்க வேலைய பாருங்க" என்று எரிந்து விழுந்தேன்.

வேனில் பாடம் நடந்தது.

"நான் எந்த ஊருடி?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"நீ சேலம். லாரிக்காரரோட சம்சாரம்."

"சேலத்துல எங்க?"

"யாரு கேக்கப்போறாங்க? பஸ் ஸ்டாண்டுன்னு சொல்லு."

"பஸ் ஸ்டாண்டுலயா குடித்தனம் பண்றேன்?" என்றாள். வேனே சிரித்தது. நானும் சிரித்தேன். மலை ஏற ஏற, வளைவுக்கு வளைவு ஒவ்வொருத்தியாக வாந்தி எடுக்க, சிரிப்பு அடங்கியது. "இன்னாடி இது, ஃபோன மேய்ச்சதுக்கு இப்பிடி ஒரு தண்டனையா?" என்று என் நாத்தனார் முனகினாள்.

வேன் போய் நின்றதும் மேளம் அடித்தார்கள். பதினாலு பேருக்கு! ஊர் மொத்தமும் கோவிலுக்கு முன்னால் நின்றிருந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு, இரண்டு பக்கமும் பாய் விரித்து, நீளமாக இலை போட்டிருந்தார்கள். ஒரு வரிசை முழுக்க வெளியூர்க்காரர்களுக்கு என்று ஒதுக்கி, ஊர்க் குழந்தைகளைக்கூட அங்கே உட்காரவிடாமல் துரத்திக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் அண்டா அண்டாவாகச் சாமைச்சோறு, ஆவி பறந்துகொண்டு. அக்கா புதுப்புடவை கட்டியிருந்தார். மடிப்பு கலையாத விறைப்பு அதில் இருந்தது.

ஓடிவந்து ஒவ்வொருத்தியின் கையையும் பிடித்தார். "வந்துட்டீங்களா, வந்துட்டீங்களா" என்பதைத் தவிர அவருக்குப் பேச்சு வரவில்லை.

பதினாலு பேரையும் உட்காரவைத்தார்கள். அந்த நீள வரிசையில் நாங்கள் ஒரு மூலையில் கிடந்தோம். பெரியதனக்காரர் எங்களை ஒருமுறை பார்த்தார், ரோட்டை ஒருமுறை பார்த்தார்.

"மத்தவங்க பஸ்ல வராங்களாம்மா?" என்று என்னிடம் கேட்டார்.

"வருவாங்க" என்றேன். அப்போதும் அதுதான் வந்தது என் வாயில்.

வெள்ளிமலையிலிருந்து ஆள் வந்தது, பஸ்ஸில் யாரும் இறங்கவில்லை என்று. அடுத்த பஸ்ஸும் வந்து போனது. வெளியூர் விருந்தாளிகள் சாப்பிடாமல் ஊர்க்காரர்கள் கை வைக்க மாட்டார்கள். குழந்தைகள் சிணுங்க ஆரம்பித்தன. அண்டாவில் ஆவி நின்றுபோனது. விரித்த இலைகள் காற்றில் ஒன்றொன்றாகப் புரண்டன, ஒருவர் போய்த் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா சும்மா இருக்க முடியாமல் எங்கள் வரிசைக்கு வந்து எதிர்வீட்டுக்காரி முன்னால் குந்தினார். "நீங்க எந்த ஊரு கண்ணு?"

"சேலம்."

"நான் செஞ்சதுல எது உங்களுக்கு ரொம்ப புடிச்சிது?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். "மீன் கொழம்பும்மா" என்றாள் ஒரு குருட்டாம்போக்கில். "நாக்குல எச்சி ஊறிச்சி."

அக்காவின் சிரிப்பு நின்றுபோனது. அவர் மீன் சமைத்ததே இல்லை என்பது அந்த முகத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவளிடம் திரும்பி அதையே கேட்டார். அவள், "எல்லாமே நல்லா இருக்கும்மா" என்றாள். அதற்கு அடுத்தவளிடம் அவர் கேட்கவில்லை. எழுந்து, என்னைத் தலையசைத்துக் கூப்பிட்டார். அண்டாக்களுக்குப் பின்னால் போனோம்.

"இவங்கல்லாம் யாரு?"

"எங்க தெரு" என்றேன். "நான்தான்க்கா கூட்டிக்கினு வந்தேன். யாரும் பாக்கலக்கா. நான் ஃபோன்ல போட்டு ஓடவுட்டேன். நம்பரெல்லாம் நான் ஏத்தனது."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் யோசித்தார். எதையோ ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிற மாதிரி அவர் கண் அசைந்தது.

"அந்த காய்ச்சக்காரப் பொண்ணு?"

"நான்தான்க்கா."

"அப்ப அதுக்கு காய்ச்சலே இல்ல."

"இல்லக்கா."

"நல்லது" என்றார். நிஜமாகவே நிம்மதியாகத்தான் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "நீயாவது பாத்தியா?" என்றார்.

எத்தனையோ பொய் சொன்ன வாய்க்கு அங்கே ஒரு பொய் வந்திருக்கலாம். ஒன்றரை வருஷம், அறுபது எழுபது வீடியோ, அத்தனையும் என் கையால் ஏற்றினவை. ஒன்றைக்கூட நான் சத்தத்தோடு முழுசாகப் பார்த்ததில்லை. அவர் சமைக்கும்போது என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியாது.

"இல்லக்கா" என்றேன்.

அவர் புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டார். "போ. போய் எலையில ஒக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். அவர் நேராகப் பெரியதனக்காரர் முன்னால் போய் நின்றார். ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது.

"இனிமே யாரும் வர மாட்டாங்க. பந்திய ஆரம்பிச்சிடலாங்க" என்றார்.

"எரநூறு பேருன்னியேம்மா?"

"நான்தான் தப்பா எண்ணிட்டேங்க. எனக்கு அந்த நம்பரெல்லாம் பாக்கத் தெர்ல."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். "பொம்பளைய சபையில பேச வுட்டா இதான்" என்றது ஒரு குரல். "வூட்டுக்கு ஒரு படி வாங்கி காக்காவுக்கு போடச் சொல்லிச்சி" என்றது இன்னொன்று. சிரிப்பு பந்தல் முழுக்கப் பரவியது. அக்கா தலை குனியவில்லை. ஆனால் புதுப்புடவைத் தலைப்பை விரலில் சுருட்டிக்கொண்டிருந்தார், அது எனக்கு நான் இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது.

பெரியதனக்காரர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "நீ சொன்னியேம்மா. கம்பெனிக்காரனே எண்ணிப் போடறதுன்னியே."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரி என் தொடையைக் கிள்ளினாள், எழுந்திருடி என்கிறாளா, பேசாதே என்கிறாளா, தெரியவில்லை. நான் எழுந்து இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அக்கா மேல் தப்பில்லை, நான்தான் ஏமாற்றினேன். அவ்வளவுதானே?

நான் எழுவதற்குள் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. அப்படி இல்லை. நான் எழவே இல்லை. நான் எழுவேனா என்று அக்கா ரொம்ப நேரம் விட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் பேசினார்.

"அது இன்னா பண்ணும், சின்னப் பொண்ணு. நான் கேட்டதுக்கு ஆமான்னு சொல்லிச்சி. தப்பு என்னுதுதாங்க."

"சரி" என்றார் பெரியதனக்காரர். "அடுத்த கூட்டத்துல நீ ஒண்ணும் பேச வேணாம்மா."

"சரிங்க" என்றார் அக்கா.

பந்தி ஆரம்பித்தது. பக்கத்து ஊர்களுக்கு ஆள் அனுப்பினார்கள், மிச்சமாகிற சோற்றைத் தின்ன யாராவது வருகிறார்களா என்று கேட்க. எங்கள் வரிசைக்கு அக்காவேதான் பரிமாறினார். சேலத்துக்காரிக்கும் கோயம்புத்தூர்க்காரிக்கும் துபாய்க்காரிக்கும் ஒரே அளவு. என் இலைக்கு வந்ததும் கை தயங்கும் என்று நினைத்தேன். தயங்கவில்லை. மற்றவர்களுக்குப் போட்ட அதே இரண்டு கரண்டி, அதே குழம்பு. என் கை மடியிலேயே கிடந்தது.

குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "சாப்புடு. நீ சாப்புடலன்னா ஏன்னு கேப்பாங்க" என்றார்.

சாப்பிட்டேன். சோறு ஆறிப்போயிருந்தது. ருசியாகத்தான் இருந்தது. பெரியதனக்காரர் தோளில் துண்டோடு வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்து எனக்கு எதிரில் நின்றார். அண்டாவில் இன்னும் முக்கால்வாசி அப்படியே இருந்தது. அக்கா மறுபடி என் இலைக்கு வந்து, "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்றார்.

"போடுங்கக்கா" என்றேன். பெரியதனக்காரர் என்னைக் கேட்ட பிறகு, அந்த ஊர்க்காரர்கள் நடுவில் நான் வாயைத் திறந்து சொன்னது அது ஒன்றுதான்.